கோடு இல்லாத ரோட்டில் நின்றுபோன கால்கள்

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மலேசியாவின் ஈப்போவில் சிலிபின் பக்கம் நடந்தது இது. சனிக்கிழமை காலை. நான் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்க்கிறேன். ஒன்பது மணிக்கு நான்தான் போய்த் திறக்க வேண்டும். அப்போதே மணி எட்டே முக்கால்.

காலைச் சந்தை கூடும் பாசார் முன்னால் காரைத் திருப்பினால், நடு ரோட்டில் ஒரு அம்மா நிற்கிறார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு கையில் மீனும் காய்கறியும் உள்ள பை. முன்னால் போகவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை. தரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

ஒரு தடவை ஹார்ன் அடித்தேன். அசையவில்லை. அடுத்த தடவை கையை எடுக்காமல் அடித்தேன். எனக்குப் பின்னால் இருந்த லோரியும் சேர்ந்துகொண்டது. அவர் உடம்பு முன்பக்கம் சாய்ந்தது, பாதம் மட்டும் தரையை விட்டு வரவில்லை. குதிகால் இரண்டும் நடுங்கின. காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தது அதுதான்.

எதிர்ப் பக்கம் மோட்டார் சைக்கிள்கள் அவரை உரசுவது போலப் போய்க்கொண்டிருந்தன. பயந்து போய் இறங்கி ஓடினேன். கையைப் பிடித்து இழுத்தேன். இடுப்புக்கு மேலே என்னோடு வந்தது, கால்கள் வரவில்லை. அப்படியே என் மேல் சரிந்தார். நான் தாங்கியிருக்காவிட்டால் முகம் தாரில் மோதியிருக்கும்.

"இழுக்காதீங்க தங்கச்சி," என்றார். குரலில் பதற்றமே இல்லை. "கால் ஒட்டிக்கிச்சு. உங்க கால என் கால் முன்னாடி குறுக்க வைங்க. நான் தாண்டிக்கிறேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொன்னபடி என் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தேன். அவர் அதை உற்றுப் பார்த்தார். ஒரு மூச்சு விட்டார். முழங்காலை நன்றாக உயர்த்தி என் பாதத்தைத் தாண்டி அடி வைத்தார். அவ்வளவுதான், அதன் பிறகு நாலைந்து அடி தாராளமாக நடந்தார்! ரோட்டோரத்துக்கு இரண்டடி இருக்கும்போது மறுபடியும் கால் நின்றுவிட்டது. இந்த முறை அவர் கேட்கும் முன்பே நான் காலை நீட்டிவிட்டேன்.

ரோட்டோரக் காப்பிக் கடையில் அவரை உட்காரவைத்து, காரை ஓரங்கட்டிவிட்டு வந்தேன். நாற்காலியில் இருந்தபடியே அவர், "குடிச்சிருக்கேன்னு நினைச்சீங்களா?" என்று சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பரவால்ல லா. எங்க வீட்டுலயே நடிக்கிறேன்னுதான் சொன்னாங்க."

அவர் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்து, கையுறை செய்யும் ஃபேக்டரியில் இருபது வருடம் வேலை செய்திருக்கிறார். நாலு வருடத்துக்கு முன் பார்கின்சன் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாக நடப்பார், வீட்டுக்கு வந்தால் அறை வாசலில் நட்டுவைத்தது போல நின்றுவிடுவார். "டாக்டர் முன்னாடி மட்டும் நல்லா நடக்கிறீங்க" என்று மகள் கோபித்துக்கொண்டாளாம். இரண்டு நாள் அழுதிருக்கிறார். மூன்றாம் நாள், அழுவதை விட்டுவிட்டு யோசித்திருக்கிறார். அங்கே இருக்கிற எது இங்கே இல்லை? ஆஸ்பத்திரித் தரையில் கட்டம் கட்டமாக டைல்ஸ். வீட்டில் வெறும் சிமெண்டு. உடனே ஒரு விளக்குமாற்றை வாசலில் குறுக்கே போட்டுப் பார்த்தார். கால் தாண்டிவிட்டது. மகளைக் கூப்பிட்டு மறுபடி தாண்டிக் காட்டினார். இந்த முறை அழுதது மகள்.

டாக்டரிடம் சொன்னபோது, நீங்கள் கண்டுபிடித்தது சரிதான் என்றாராம். நடப்பதை நாம் யோசித்துச் செய்வதில்லை. மூளைக்குள் ஆழத்தில் ஒரு பகுதி அதைத் தானாக நடத்திக்கொண்டிருக்கிறது. அது பலவீனமானால் கிளம்பச் சொல்லும் சேதி காலுக்குச் சரியாகப் போவதில்லை. தாண்டுவதற்கு ஒரு கோடு கண்ணில் பட்டால், மூளை வேறு வழியில் அந்தச் சேதியை அனுப்பிவிடும். எல்லாருக்கும் இது கைகொடுக்காது என்றும் சொன்னாராம்.

"ஹைவே ஜாம்னா பழைய ரோட்டுல வாரோமே, அந்த மாதிரி லா," என்றார் அக்கா.

"அப்ப இன்னிக்கு ஏன்க்கா நின்னுட்டீங்க?"

"இங்க ரோட்டக் கடக்க வெள்ளக் கோடு இருந்துச்சு. ஒவ்வொன்னா தாண்டிப் போயிருவேன். போன வாரம் புதுசா தார் போட்டாங்க, கோடு இன்னும் போடல. போயிரலாம்னு பாத்தேன். பாதியில நின்னுருச்சு. ஹார்ன் சத்தம் கேட்டதும் சுத்தமா இறுகிப்போச்சு. அவசரப்படுத்தினா இந்தக் கால் கேக்காது."

"மன்னிச்சிருங்க அக்கா, மொதல்ல அடிச்சது நான்தான்," என்றேன்.

"தெரியும். எறங்கி வந்ததும் நீங்கதான?"

வீடு பக்கத்துச் சந்தில்தான். கூடவே போனேன், வழியில் மூன்று தடவை காலை நீட்டினேன், என் கிளினிக் வேலையைப் பற்றியும் சொன்னேன். பாசாருக்கு வேறு யாரையாவது அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். "அனுப்பலாம். ஆனா நடக்காம விட்டுட்டா, அப்புறம் வாசல் வரைக்கும்கூட வர முடியாது," என்றார்.

அவர் வீட்டு வாசலில் நான் அசந்து நின்றுவிட்டேன். வாசலிலிருந்து அடுப்படி வரை சிமெண்டுத் தரையில் சிவப்பு டேப் வரிசையாக ஒட்டியிருந்தது. தன் காலடியை அளந்து தானே ஒட்டினாராம். அதன் மேல் ஒவ்வொரு கோடாகத் தாண்டி விறுவிறுவென்று போய், மீனைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் நடு ரோட்டில் நின்றவர் இவர்தானா என்று இருந்தது.

"கெளம்புங்க, பல் வலியோட ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க," என்று விரட்டினார்.

கிளினிக் போய்ச் சேர ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது, எங்கள் பல் டாக்டரிடம் திட்டும் வாங்கினேன். கிளினிக் மாடியில் இருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டே, காலைப் பற்றி நினைக்காமலே எல்லாப் படியும் ஏறிவிட்டேன் என்பது மேலே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து யாராவது அசையாமல் நிற்பதைப் பார்த்தால், அடுத்த அடியை எடுத்து வைக்க அவர்களுக்குள் எவ்வளவு பெரிய முயற்சி நடக்கிறதோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.