ஜூஜுவாடிக்கு நாலு மைல்

நான் ஒரு பயணிகள் கப்பலில் சாப்பாட்டறைச் சிப்பந்தி. கொழும்பு, சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்த் திரும்புகிற கப்பல். துறைமுகம் வருவதற்கு முந்தின நாள், நான் சூப் தட்டை மேஜையில் வைக்கும்போது யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். கப்பல் ஆபீஸில் சீட்டு வாங்கி அவர்கள் காட்டுவதைப் பார்ப்பதா, நாமே இறங்கிக் கால் போன போக்கில் சுற்றுவதா? இந்தக் கேள்விக்கு என் பதில் மூன்று வருஷம் ஒரே மாதிரி இருந்தது. பிறகு மாறிவிட்டது. அது ஏன் மாறியது என்பதை, இதே மாதிரி பயணம் போடுகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் பழைய பதில். சீட்டு வாங்கிப் போகிறவர்களைக் கொழும்பில் காலை எட்டு மணிக்குக் காரில் ஏற்றி, 72 மைல் தள்ளியிருக்கும் கண்டியைக் காட்டி, சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து விடுவார்கள். பார்த்ததெல்லாம் கார் கண்ணாடி வழியாகத்தான். சுற்றுகிறவர்களோ சந்தில் நுழைந்து, கண்டதைத் தின்று, வெயிலில் கறுத்து, கதையோடு திரும்புவார்கள். எனக்கு இரண்டாம் ரகத்தின் மீதுதான் ஆசை. ஆனால் ஒரு விஷயத்தை எல்லாரிடமும் சொல்லிவிடுவேன். சீட்டு வாங்கிய கூட்டத்தின் கார் வழியில் நின்றுபோனால் கப்பல் காத்திருக்கும். தானாகச் சுற்றப் போனவர் ஐந்து நிமிஷம் தாமதித்தாலும் ஏணியைத் தூக்கிவிடுவார்கள்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் கார்த்திகை மாதம் நானே அப்படி ஒரு கரைப் பயணம் போட வேண்டி வந்தது. இறங்கிய துறைமுகம் சென்னை. பார்க்கப் போன இடம் தளி, என் அக்கா நாகம்மாவின் வீடு. அம்மா இறந்தபோது எனக்கு நாலு வயது, அக்காவுக்குப் பதினாறு. என்னை வளர்த்தது அவள்தான். கப்பலில் சேர்ந்து மூன்று வருஷமாக அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சிங்கப்பூரில் அக்கா புருஷன், மாமாவின் கடிதம் கிடைத்தது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் நுரையீரல் ரொம்பக் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம். "முடிந்தால் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ" என்று எழுதியிருந்தார். மாமா அப்படியெல்லாம் எழுதுகிறவர் அல்ல.

திங்கள் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து புதன் காலை எட்டு மணி வரை லீவு கொடுத்தார்கள். புதன் மத்தியானம் கப்பல் கிளம்பும். கப்பலைத் தவற விட்டவனை வேறு எந்தக் கப்பலும் சேர்க்காது. அக்காவின் மருந்து என் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் கண்டிக் கார்க்காரர்கள் போடுவதைப் போலவே நானும் ஒரு திட்டம் போட்டேன். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை 132 மைல், மூன்றாம் வகுப்பு மூன்று ரூபாய் பன்னிரண்டணா. அங்கிருந்து காலை ஐந்தரை பஸ்ஸில் கிருஷ்ணகிரி, 27 மைல், ஒண்ணேகால் ரூபாய். எட்டு மணி பஸ்ஸில் ஓசூர், 32 மைல், ஒன்றரை ரூபாய், பத்து மணிக்குப் போய்ச் சேரும். பத்தரை பஸ்ஸில் தளி, 16 மைல், பன்னிரண்டணா, பதினொன்றே முக்காலுக்கு வீடு. சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பும் பஸ். போக 207 மைல், வர 207 மைல், நடுவில் நாலேகால் மணி நேரம் அக்கா. இதை அப்படியே விமானத் தபாலில் மாமாவுக்கு எழுதிப் போட்டேன். சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டுதான் போட்டேன்.

கிருஷ்ணகிரி வரை ஒரு நிமிஷம் பிசகவில்லை. தூறல் விட்டு விட்டுப் பெய்தது. மலைக்கோட்டை மேகத்துக்குள் இருந்தது. ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் அக்காவுக்காகச் சிங்கப்பூரில் வாங்கிய பிளாஸ்க். இருமலுக்கு எந்நேரமும் வெந்நீர் வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் அடுப்பு மூட்ட வேண்டாமே என்று வாங்கினேன்.

சூளகிரியில் ஒன்பது மணிக்கு பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிக் குனிந்து பார்த்தார்.

"ஆக்ஸில் போயிடுச்சுங்க. ஓசூர்ல இருந்து சாமான் வரணும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணியும் ஆகலாம், மூணும் ஆகலாம். அவசரம்னா பெங்களூர் வண்டி எதுனா வந்தா கைய காட்டுங்க."

வந்த இரண்டு வண்டிகளில் நிற்கவும் இடமில்லை. அப்போதுதான் காலிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்து டீக்கடையில் நின்றது. கிருஷ்ணகிரி சந்தையில் கோஸ் இறக்கிவிட்டு உத்தனப்பள்ளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை வழியாகத் தளிக்குத் திரும்புகிறதாம். டிரைவர் திம்மப்பா பாதி கன்னடம், பாதி தமிழ்.

"தளிக்கா? ஹத்தப்பா, ஹத்து! நம்ம ஊருக்குத்தான் போறோம், ஓசூரு எதுக்கு?"

ஏறு ஏறு என்று சொல்கிறார். ஏறிவிட்டேன். திட்டம் கிடக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த 33 மைல்தான். ராகி அறுத்த காடுகளில் பனி கிடந்தது. கெலமங்கலத்தில் லாரியை நிறுத்திச் சுடச்சுட போண்டா வாங்கித் தந்தார் திம்மப்பா. தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் யானை சாணி இன்னும் ஆறாமல் ரோட்டில் கிடந்தது. அதைக் காட்டி, என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார். இதைத்தான் இத்தனை நாள் பயணிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தளியில் இறங்கியபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. என் திட்டத்தைவிடப் பத்து நிமிஷம் முன்னால்!

வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னாலும் பார்த்தார்.

"ஏன்டா ஒருத்தனா வர்ற? உங்கக்கா எங்க?"

"எங்கன்னா? வீட்ல இல்லையா மாமா?"

"ஏழு மணி பஸ்ஸுக்கே ஓசூர் போயிட்டாளேடா! பத்து மணிக்கு அங்க இறங்குறேன்னு எழுதியிருந்தியே. 'புள்ள எதுக்கு இவ்ளோ தூரம் வந்துட்டு ஓடணும், நானே போயிட்டா மூணு மணி நேரம் கூடப் பாக்கலாமில்ல'ன்னா. ரெண்டு அடி வெச்சா மூச்சு வாங்குது, வேணாம்டின்னேன். நான் சொன்னா கேக்குறவளா?"

பதினொன்றே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினேன். அவள் அதில் இல்லை. அது தளியைத் தாண்டி மேலே போகிற வண்டி; நாலு மணிக்கு முன்னால் தளியிலிருந்து ஓசூருக்கு பஸ் கிடையாது. லாரி அதற்குள் தோட்டங்களுக்குள் போய்விட்டது. தபாலாபீஸுக்குப் போய்த் தந்தி கொடுக்கலாமா என்று யோசித்தேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு எந்த விலாசம் எழுதுவது? சைக்கிள் வாங்கிக்கொண்டு கிளம்புகிறேன் என்றதும் மாமா கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் கிளம்பிட்டா மறுபடி வழியில மாறிடுவீங்க. உன்னைக் காணோம்னா மூணே முக்கால் பஸ்ஸுல அவ வந்துடுவா. பேசாம இங்கயே இரு."

இருந்தேன். அக்காவுக்காக ஒதுக்கிய நாலேகால் மணி நேரத்தையும் அக்கா இல்லாத வீட்டில் கழித்தேன். ஜன்னலோரம் அவள் கயிற்றுக் கட்டில். அதன் கீழே மருந்து பாட்டில்கள், எச்சில் துப்ப மண்சட்டி. சுவரில் ஓர் ஆணியில் என் கடிதம் குத்தியிருந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, கடிகார முள் பார்க்கத் தெரியும். அதனால் நான் எழுதிய ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் மாமா பென்சிலால் ஒரு சின்னக் கடிகாரம் வரைந்து கொடுத்திருந்தார். மொத்தம் ஆறு கடிகாரங்கள். பத்து மணிக் கடிகாரத்தைச் சுற்றி அடுப்புக் கரியால் யாரோ வட்டம் போட்டிருந்தார்கள். யார் என்று மாமாவிடம் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மூணே முக்கால் பஸ்ஸில் பதினோரு பேர் இறங்கினார்கள். அக்கா இல்லை. அதே பஸ் திரும்பும்போது ஏறி, ஐந்தேகாலுக்கு ஓசூரில் இறங்கினேன். கிருஷ்ணகிரிக்குப் போகும் பஸ் ஐந்தரைக்கு. அதை விட்டால் ஜோலார்பேட்டையில் ராத்திரி ரயில் இல்லை, எட்டு மணிக்குக் கப்பலில் நான் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்த பாஷா பாயிடம் போய், இருமிக்கொண்டு ஒரு அம்மா வந்தார்களா என்று கேட்டேன்.

"நீதான் கப்பல்கார தம்பியா?" என்றார் அவர். "காலையில இருந்து அந்த பெஞ்சுலதாம்பா இருந்துச்சு. ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து போய்ப் பாக்கும், திரும்பி வந்து ஒக்காரும். ஒரு மணிக்கு சூளகிரியில நின்னுபோன வண்டி வந்துச்சு, அதுலயும் நீ இல்ல. பெங்களூர் வண்டியில ஏறி ஊரைத் தாண்டிப் போயிட்டிருப்பான்னு கண்டக்டர் சொல்லிட்டான். ரெண்டு மணிக்கு ஜட்கா புடிச்சு ஜூஜுவாடி போயிடுச்சு."

"ஜூஜுவாடிக்கா? அங்கே எதுக்கு?"

"செக் போஸ்ட்டுல மைசூர் பக்கம் இருந்து வர்ற அத்தனை பேரையும் சாராயம் இருக்கான்னு இறக்கித்தானே சோதிக்கிறான்? அங்க நின்னா தப்பாம பாத்துடலாம்னுச்சு. நாலு மைல்தான், ஜட்காவுல முக்கால் மணி."

முக்கால் மணி. என்னிடம் இருந்தது பதினைந்து நிமிஷம். அவள் அந்த எல்லைக் கம்பத்துக்குப் பக்கத்தில், தூறலில், இறங்குகிற ஒவ்வொருவனின் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இது எனக்குத் தெரிந்தது. தெரிந்தே கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினேன். பிளாஸ்க்கை பாயிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். அவர் ஓடி வந்து, அக்கா விட்டுப்போன தூக்குப் போசியை ஜன்னல் வழியாகத் தந்தார். அதில் ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும். ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன், ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை.

புதன் காலை ஆறேமுக்காலுக்கே கப்பலில் இருந்தேன். எட்டு மணிக்குப் பேர் கூப்பிட்டு முடித்ததும் அறிவித்தார்கள்: மழையால் சரக்கு ஏற்ற முடியவில்லை, கப்பல் நாளை மத்தியானம்தான் கிளம்பும். யாருக்கும் மறுபடி லீவு கிடையாது. அன்று பகல் முழுவதும் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதக் கடைசியில் அக்கா போய்விட்டாள். கடிதம் பினாங்கில் கிடைத்தது.

மறு வருஷம் சென்னையில் நாலு நாள் லீவு கிடைத்தபோது தளிக்குப் போனேன். இனி போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: கார்த்திகை, மார்கழியில் குளிர் அதிகம், கம்பளி இல்லாமல் போகாதீர்கள். தளி பஸ் நாளைக்கு மூன்றே தடவைதான். சூளகிரி வழியில் வண்டி நின்றால் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து கிளம்பாது. பழமோ பிஸ்கோத்தோ கையில் இருக்கட்டும். ஜூஜுவாடி சோதனையில் மூட்டையை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே பிரித்துக் காட்டிவிட்டால் சீக்கிரம் விடுவார்கள்.

சீட்டா, சுற்றலா என்று கேட்கிறவர்களுக்கு இப்போது நான் சொல்லும் பதில் இது. உங்களை எதிர்பார்த்து அந்த ஊரில் யாரும் இல்லையென்றால் இஷ்டம் போல் சுற்றுங்கள், லாரியில் ஏறுங்கள், போண்டா தின்னுங்கள். ஒரே ஒரு ஆளிடமாவது இத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லியிருந்தால், நின்றுபோன பஸ்ஸிலேயே உட்கார்ந்திருங்கள். நான் அன்று சூளகிரியில் உட்கார்ந்திருந்தால் ஒரு மணிக்கு ஓசூரில் இறங்கியிருப்பேன். அக்கா அந்த பெஞ்சில் இருந்திருப்பாள். ஐந்தரை வரை நாலரை மணி நேரம். என் திட்டத்தைவிடக் கால் மணி கூடவே.

திரும்பும்போது பாஷா பாய் கடையில் டீ குடித்தேன். அன்று ராத்திரி ஏழு மணிக்கு அக்கா ஜூஜுவாடியிலிருந்து நனைந்துபோய்த் திரும்பினாளாம். பிளாஸ்க்கைக் கொடுத்து, நான் வந்து போனதைச் சொல்லியிருக்கிறார். ஏன் காத்திருக்கவில்லை என்று அவள் கேட்டாளா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை ஒரு வருஷமாக வைத்திருந்தேன்.

"அதெல்லாம் கேக்கலப்பா" என்றார் பாய். "அஞ்சரை வண்டிய புடிச்சுட்டானான்னு மட்டும்தான் கேட்டுச்சு. புடிச்சுட்டாம்மான்னேன். 'அப்பாடா'ன்னு அந்த பெஞ்சுல ஒக்காந்துச்சு."