கேரம் போர்டில் வந்த தாத்தா

எங்கள் வீட்டில் காலிங் பெல் அடித்தால் அம்மா உடனே திறந்துவிடமாட்டாள். கிரில் கம்பிக்கு உள்ளே நின்று யார், என்ன, எந்த ஊர் என்று விசாரித்து முடிப்பதற்குள் கொரியர்காரருக்குப் பாதி உயிர் போய்விடும். அப்பேர்ப்பட்டவளிடம் போய், ஆவியைக் கூப்பிட்டுப் பேசலாமா என்று அனுமதி கேட்டவள் என் பெரியம்மா மகள். கோடை விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ராஜபாளையம் வந்திருந்த அந்த அக்காவுக்கு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இந்த வித்தை அத்துப்படி.

"தெருவுல போறவன உள்ள விடவே எம்புட்டு யோசிக்கோம். ஆரு வாராகன்னு தெரியாம வீட்டுக்குள்ள கூப்பிடுவீகளா? நம்ம வீட்டுல அது வேண்டாம்" என்றாள் அம்மா.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஆண்டாள் கோயிலுக்கு பஸ் ஏறியதும் கேரம் போர்டைத் திருப்பிப் போட்டோம். பின்பக்கத்தில் சாக்பீஸால் எழுத்துகளை வட்டமாக எழுதி, நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, ஆளுக்கொரு விரல் வைத்தோம். தெரியாத ஆள் வந்தால் வம்பு என்று அம்மாவின் அப்பாவையே கூப்பிட்டோம். சொந்தத் தாத்தா கடிக்கவா போகிறார்?

தாத்தா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் சுகர் ஏறிப் படுத்திருந்தவர், கடைசிச் சாயங்காலம் அம்மாவிடம் ஒரு வாய் பால்கோவா கேட்டார். டாக்டரைக் கேட்டுவிட்டுக் காலையில் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். விடிவதற்குள் அவர் போய்விட்டார். அதன்பிறகு அம்மா பால்கோவா வாங்கியதே இல்லை.

டம்ளர் மெல்ல நகர்ந்தது. நகர்த்தியது யார் என்று எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை வழக்கு உண்டு. அந்த நேரம் பார்த்து அம்மா வந்து நின்றாள். முதுகு பழுக்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆரக் கூப்பிட்டீக?"

"தாத்தாவ."

அம்மா குனிந்து டம்ளரைப் பார்த்தாள். பிறகு, "வந்தாகளா?" என்றாள்.

அடிக்குப் பயந்து அக்கா தலையாட்டினாள்.

அம்மா திரும்பவும் செருப்பை மாட்டிக்கொண்டு முக்குக் கடைக்குப் போனாள். பால்கோவாவோடு வந்து, கிண்ணத்தில் போட்டு போர்டின் முன்னால் வைத்தாள். "சாப்புடுங்கப்பா. இனிமே சுகர் என்ன செய்யும்?" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்த முகமாகத்தான் இருந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வந்தவரை முறையாக அனுப்பாவிட்டால் வீட்டிலேயே தங்கிவிடுவார் என்று அக்கா அவசரப்படுத்தினாள். அம்மா கைகூப்பி, "போயிட்டு வாங்கப்பா" என்றாள்.

"ஐயோ சித்தி, போங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"எங்கப்பாவ நான் போங்கன்னு சொல்லுவனா?"

அக்கா உடனே ஊருக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தாள். மில்லில் ஷிப்டு முடிந்து பசியோடு வந்த அப்பா, யாருக்கு வைத்தது என்று கேட்காமலே கிண்ணத்தைக் காலி செய்தார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அம்மா அன்று முழுவதும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தாள். அவளை அப்படிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த விடுமுறைக்குள் அக்காவுக்குப் பயம் தெளிந்துவிட்டது. மறுபடியும் போர்டைத் திருப்பினாள். அம்மா அதை வாங்கி நேராக வைத்தாள்.

"ஒரு தடவ வந்துட்டுப் போயிட்டாகல்ல, அது போதும். இன்னொரு தடவ கூப்பிட்டு, வராமப் போயிட்டாகன்னா?"

அடிக்கடி கூப்பிட்டால் தாத்தாவுக்குக் கோபம் வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் காய்களை அடுக்க ஆரம்பித்தேன்.