மூன்றை எட்டாக்கினேன்

நானும் அவளும் ஒரே புத்தகத்தில் படித்தோம். பி.காம். இரண்டாம் வருஷத்து அக்கவுண்ட்ஸ் புத்தகம். ஆளுக்குப் பாதி பணம் போட்டு மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கினோம். பேரம் பேசியது அவள். நான் பக்கத்தில் நின்று, "அண்ணே, இதுல பாதிப் பக்கத்தக் கரையான் துன்னுட்டுக்கீது, பாதி வெல போடு" என்று கடைக்காரரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை முறைத்துவிட்டு அவளிடம் விலையைக் குறைத்தார்.

இரண்டு பேருக்கும் ஆரம்பாக்கம்தான் ஊர். பக்கத்துப் பக்கத்துத் தெரு. அவள் அப்பா ரயில்வேயில் கீமேன். தினமும் தண்டவாளத்து ஓரமாக நடந்து, கழன்ற ஆணியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். அந்த வேலையால் அவளுக்கு ரயில் பாஸ் கிடைத்தது. பாஸ் இருந்ததால்தான் மெட்ராஸில் காலேஜ். காலையில் அவள் பெண்கள் பெட்டியில் ஏறுவாள், நான் அதற்கு அடுத்த பெட்டியில். கும்மிடிப்பூண்டியில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும்போது ஓடிப் போய் ஜன்னல் வழியாகப் புத்தகத்தை மாற்றிக்கொள்வோம். ஒருநாள் அவளிடம், ஒருநாள் என்னிடம்.

அதற்கென்று அவள் சட்டம் போட்டிருந்தாள். புத்தகத்தில் பேனா படக்கூடாது. கணக்கை நோட்டில் பென்சிலால்தான் போட வேண்டும், தப்பென்றால் ரப்பரால் அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். புத்தகத்தின் கடைசியில் விடைகள் அச்சாகியிருந்த ஆறு பக்கத்தையும் சேர்த்து ஓர் ஊக்கு குத்தி வைத்திருந்தாள். கணக்கைப் போட்டு முடிக்காமல் ஊக்கைக் கழற்றக்கூடாது. நான் அதைக் கழற்றாத நாளே கிடையாது. விடையைப் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்றபடி கணக்கை வளைப்பது என் வழக்கம்.

அவள் அப்படி இல்லை. முதலில் போடுவாள், பிறகு ஊக்கைக் கழற்றுவாள். மறுநாள் ஜன்னல் வழியாகப் புத்தகத்தைத் தரும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். "டேலி."

அதில் ஒரு திமிர் இருக்கும். அந்தப் பெட்டியில் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பழவேற்காடு ஏரிக்கரைப் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "இன்னாப்பா, உனுக்கு டேலி ஆச்சா?" என்று ஒரு அம்மா தினமும் கேட்கும். டேலி என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் எனக்கு ஆகவில்லை என்பது மட்டும் தெரியும்.

அவளுக்கு அந்த வருஷப் பரீட்சை வெறும் பரீட்சை இல்லை. அவள் அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். எல்லாப் பேப்பரிலும் முதல் தடவையே பாஸானால் மூன்றாவது வருஷம். ஒன்றில் போனாலும் பொதட்டூர்பேட்டையில் நெல் வியாபாரம் செய்யும் அத்தை மகன். கும்மிடிப்பூண்டிக்கு வெளியே காடு வெட்டி ஃபாக்டரி கட்ட ஆரம்பித்திருந்தார்கள். வண்டியிலிருந்து அந்தத் தூண்களைக் காட்டி, "அதுல அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல நானு ஒக்காரப் போறேன். நீ கேட்டாண்ட நின்னு எனுக்கு சல்யூட் அடி" என்பாள்.

"சம்பளத் தேதில மட்டும் அடிக்கறேன் டீச்சரம்மா" என்பேன்.

நான் அவளிடம் நிறைய விளையாடியிருக்கிறேன். ஒருநாள் வண்டி ரத்து என்று சொல்லி ஸ்டேஷனிலிருந்து திருப்பி அனுப்பினேன். அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்னாலேயே வண்டி கூவிக்கொண்டு போனது. இன்னொரு நாள் ஆடிட்டிங் சார் செத்துப்போய்விட்டார் என்றேன். காலேஜ் வாசல் வரை அழுதுகொண்டு வந்தாள். உள்ளே போனால் சார் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு டிபன் பாக்ஸ் மூடியால் என் தலையில் ஒன்று போட்டாள். அதற்கு மேல் கோபம் அவளிடம் தங்காது.

தேய்மானப் பாடம் நடந்த வாரம் அவள் காலேஜுக்கு வரவில்லை. அவள் தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக்கூடாது. மெஷின் வருஷா வருஷம் தேய்கிறது, அந்தத் தேய்மானத்தைச் செலவாக எழுதி லாபத்தில் கழிக்க வேண்டும் என்பதுதான் பாடம். சார் இரண்டு நாள் அதையே சொன்னார். நான் கடைசி பெஞ்சில் தூங்கியும் எனக்கே காதில் விழுந்தது. அவளுக்கு விழவில்லை. திரும்பி வந்தவள், "பரவால்ல, புக்கு கீதே" என்றாள்.

புத்தகம் அன்றைக்கு என் முறை. எனக்கு ஒரு யோசனை வந்தது.

அந்தப் பாடத்தின் கடைசிக் கணக்கு பெரியது. ஒற்றை ஆள் நடத்தும் வியாபாரம், ஐயாயிரம் ரூபாய் மெஷின், பத்து சதவீதம் தேய்மானம், ஐந்நூறு ரூபாய். விடைப் பக்கத்தில் நிகர லாபம் 7,340 என்று போட்டு, பக்கத்திலேயே பேலன்ஸ் ஷீட்டின் மொத்தத்தையும் போட்டிருந்தான். நான் ஊக்கைக் கழற்றி, அந்த முனையையே கறுப்பு மையில் தொட்டு, மூன்றின் இடது பக்கத்து வாயை இரண்டு இடத்தில் மூடினேன். மூன்று எட்டானது. 7,840. ஊதி உலர்த்தி, பழையபடி ஊக்கைக் குத்தினேன். நிமிஷ வேலை. என் படிப்பில் நான் அவ்வளவு சுத்தமாகச் செய்த வேலை வேறு இல்லை.

ஒரே ஒருநாள் அவளுக்கு டேலி ஆகக்கூடாது. அவ்வளவுதான் என் ஆசை. மறுநாள் உர்ரென்ற முகத்தோடு வருவாள், நான் மீன்காரம்மாவைச் சாட்சி வைத்துச் சிரிப்பேன், மறுபடி டிபன் பாக்ஸ் மூடியால் ஒன்று வாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன்.

புத்தகம் அவள் கைக்குப் போன மறுநாள் முகம் உர்ரென்றுதான் இருந்தது. கண் வீங்கியிருந்தது. ஆனால் ஜன்னலில் புத்தகத்தை நீட்டிச் சொன்னாள்.

"டேலி."

"பொய்யி."

"நெசமாத்தான். ரெண்டு பக்கமும் டேலி. லாபமும் டேலி."

"எப்டி ஆச்சு? எனுக்கு ஆவல."

"உனுக்கு எது ஆச்சு, இது ஆவறதுக்கு?" என்று சிரித்தாள். "பரீட்ச முடியட்டும், சொல்றேன். இப்ப சொன்னா நீ காப்பி அடிச்சுக்குவே."

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கெட்டிக்காரி, மையைப் பார்த்துவிட்டாள். இப்போது என்னிடமே விளையாட்டைத் திருப்புகிறாள். சரி, ஆடட்டும். யார் முதலில் வாயைத் திறக்கிறோம் என்று பார்க்கலாம் என்று நானும் மூடிக்கொண்டேன். அவள் அதைப் பற்றிப் பேசாத ஒவ்வொரு நாளும் எனக்கு உள்ளூரச் சிரிப்பாக இருந்தது.

அக்கவுண்ட்ஸ் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம், சென்ட்ரலில் வண்டிக்காக நின்றிருந்தோம். அவள் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி எனக்கும் கொட்டினாள்.

"பெரிய கணக்குல தேய்மானம் வந்துச்சே, எப்டிடா போட்டே?"

"சார் சொன்ன மாரிதான். லாப நட்டத்துல செலவா எழுதனேன்."

"தப்பு." அவள் முகத்தில் அந்த ஜன்னல் சிரிப்பு. "டேய், மெஷினு யாருது? மொதலாளிது. தேஞ்சா நஷ்டம் யாருக்கு? மொதலாளிக்கு. அப்பறம் அத்த எதுக்கு யாவாரத்துச் செலவுல எழுதணும்? நேரா மொதலாளி போட்ட மொதல்லேர்ந்து கழிச்சுடு. ரெண்டு பக்கமும் சரியா நிக்குது பாரு."

"யார் சொன்னா உனுக்கு?"

"புக்கு சொல்லிச்சு. அந்தக் கடைசிக் கணக்கு கீதே, ஏழாயிரத்து எண்ணூத்தி நாப்பது. அதுலதான் புட்ச்சேன். மொத்தம் சரியா வருது, லாபம் மட்டும் ஐந்நூறு ஒதைக்குது. ராவெல்லாம் ஒக்காந்து யோசிச்சேன். புக்குல முன்னால சொன்னதெல்லாம் பெரிய கம்பெனிக்கு. ஒத்த ஆளு யாவாரத்துக்கு இப்டித்தான்னு அப்பறம்தான் வெளங்குச்சு. இன்னிக்குச் சின்னக் கணக்குலயும் அப்டியே போட்டுட்டு வந்தேன்."

கடலை என் வாயிலேயே நின்றது.

அவள் விளையாடவில்லை. அவள் எதையும் பார்க்கவில்லை. அச்சடித்த புத்தகம் பொய் சொல்லாது என்று நம்பி, என் எட்டுக்கு ஒரு நியாயத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த நியாயம் இரண்டு பக்கமும் டேலி ஆகித் தொலைத்திருக்கிறது. நான் மொத்தத்தையும் சேர்த்து மாற்றியிருந்தால் அவளுக்கு எந்த வழியிலும் வந்திருக்காது. சந்தேகப்பட்டுச் சாரிடம் போயிருப்பாள். அரைகுறையாகச் செய்தேன். என் அரைகுறைதான் அவளைக் கவிழ்த்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வண்டி வந்தது, ஏறினேன். மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கிப் போய்ச் சொல்ல நினைத்து, இறங்காமலே ஊர் வந்துவிட்டது. பாஸாகிவிட்டால் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். லீவு முழுக்க அவள் தெருப் பக்கம் போகவில்லை.

ரிசல்ட் வந்தது. அவளுக்கு மற்றதெல்லாம் பாஸ். அக்கவுண்ட்ஸில் நாலு மார்க் குறைவு.

எனக்கு அக்கவுண்ட்ஸில் பாஸ். தேய்மானக் கணக்கு முழு மார்க்காக இருக்கும். இங்கிலீஷிலும் ஸ்டாடிஸ்டிக்ஸிலும் போனேன். அதோடு என் படிப்பு முடிந்தது. அதற்காக எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக அழவில்லை.

அன்றைக்கே அவளைப் பார்க்கப் போனேன். தெருக்குழாயில் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள். புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டிச் சொன்னேன்.

"இந்த எட்டு நான் போட்டது. அங்க மூணு இருந்துச்சு. சும்மா வெளாட்டுக்குப் பண்ணேன்."

அவள் பக்கத்தைப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விரலால் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. இரக்கம்தான் இருந்தது.

"எனுக்காகப் பொய் சொல்றியாடா?"

"சத்தியமாச் சொல்றேன்."

"வண்டி ரத்துன்னும் சத்தியம் பண்ணே. சார் செத்துட்டாருன்னும் பண்ணே." குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தினாள். "எனுக்குக் கணக்கு வரலடா. அவ்ளோதான். நீ ஒண்ணும் பழியத் தூக்கிப் போட்டுக்காத. போ, ஊட்டுக்குப் போ."

அவள் அப்பாவைத் தேடி எளாவூர்ப் பக்கம் தண்டவாளத்தோடு நடந்தேன். ஹைவேயில் செக்போஸ்ட்டுக்கு நின்ற லாரிகளின் ஹாரன் அங்கே வரை கேட்டது. அவர் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"நைனா, நீ நல்ல புள்ள. கூடப் படிச்ச பாவத்துக்கு அவளுக்காக வந்து பேசற. ஆனா பரீட்ச எழுதனது அவதான? மார்க்கு போட்டவன் உன் எட்டையா பாத்தான்?" என்றார். குனிந்து அடுத்த ஆணியைத் தட்டினார். "வார்த்த குடுத்துட்டேன். அவளுந்தான் ஒத்துக்கினா."

வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன், நம்ப ஆளில்லை. அவள் பார்த்து நம்புகிற மாதிரி ஒன்று வேண்டும். அதே புத்தகம் காலேஜ் லைப்ரரியில் இருந்தது. ஆனால் லீவுக்குப் பூட்டியிருந்தார்கள். இரண்டு முறை டிக்கெட் இல்லாமல் போய் வாட்ச்மேனிடம் திட்டு வாங்கித் திரும்பினேன். காலேஜ் திறந்த அன்று போனேன். நான் அங்கே படிக்கிற ஆள் இல்லை என்பது லைப்ரரிக்காரருக்கு இன்னும் தெரியாது. பழைய கார்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.

ஊரில் இறங்கியபோது அவள் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டு ஓலை மேய்ந்துகொண்டிருந்தார்கள். அவள் பின்பக்கம் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் நலங்கு மஞ்சள், அதற்கு மேல் புளி, சாம்பல். இரண்டு புத்தகத்தையும் விடைப் பக்கத்தில் திறந்து அவள் முன்னால் துணி துவைக்கும் கல்லில் பக்கம் பக்கமாக வைத்தேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். முதலில் எங்கள் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு லைப்ரரிப் புத்தகத்தை. அதன் முதல் பக்கத்துக்குப் போய் இரண்டும் ஒரே பதிப்பா என்று பார்த்தாள். அப்போதும் அவள் அப்படித்தான். திரும்பவும் விடைப் பக்கத்துக்கு வந்தாள்.

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். பக்கத்திலேயே அண்டா மூடி கிடந்தது.

"மொத தபா போட்டப்போ எனுக்கு முந்நூத்தி நாப்பதுதான்டா வந்துச்சு" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். "ஏழாயிரத்து முந்நூத்தி நாப்பது. நானேதான் அழிச்சேன்."

நான் அழ ஆரம்பித்தேன். அவள் அழவில்லை. பந்தல் பக்கமிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "தோ வரேன்" என்று குரல் கொடுத்தாள்.

பிறகு எங்கள் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். விடைப் பக்கம் ஆறையும் விளிம்பு சரிபார்த்துச் சேர்த்து, அட்டையில் தொங்கிக்கொண்டிருந்த ஊக்கை எடுத்துப் பழைய ஓட்டையிலேயே குத்தி மூடி, என்னிடம் நீட்டினாள்.

"பாத்து எடுத்துக்கினு போ. அட்ட பிஞ்சுக்கீது."