பின்பக்கத்துக் கதை

மனைவி இறந்துபோனபின் லேத் பட்டறைக்காரருக்கு அழுகையும் வரவில்லை, பசியும் எடுக்கவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தார்.

அவள் வாரப் பத்திரிகைகளில் பிடித்த கதைகளைக் கிழித்துக் கோணி ஊசியால் தைத்த கட்டு அலமாரியில் இருந்தது. அதைப் படித்தாலாவது நெஞ்சு இளகாதா என்று புரட்டினார். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

கடைசித் தாளின் பின்பக்கத்தில் வேறு யாரோ எழுதிய கதையின் நடுப்பகுதி இருந்தது. ஒருவன் பூட்டிய வீட்டு வாசலில் சாவியோடு நிற்கிறான். அதோடு தாள் முடிந்தது.

மகளிடம் காட்டினார். "இவன் கதவத் தொறந்தானா இல்லையா?"

"அம்மா சேத்து வச்சது முன்பக்கம்பா. நீங்க எப்பவும்போல மாத்திப் புடிச்சிருக்கீங்க."

"அவ கதைய அவ படிச்சு முடிச்சுட்டா. இவன் நின்னுக்கிட்டே இருக்கான்ல."

அந்தப் பின்பக்கத்தின் மேல் ஓரத்தில் கதையை எழுதியவர் பெயர் இருந்தது. மறுநாள் பட்டறையைத் திறக்காமல் நூலகத்துக்குப் போனார்.

"இவரு எழுதினது மூணு புத்தகம் இருக்குண்ணே. எது வேணும்?" என்றார் நூலகர்.

"கதவு தொறக்கறது எதுல இருக்கோ அது."

"அத நீங்கதான் படிச்சுச் சொல்லணும்."

மூன்றையும் தூக்கிவந்தார். அழுகை வரவில்லை. இரண்டாவது புத்தகத்தின் பாதியில் மகளைக் கூப்பிட்டு, "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றார்.