மேல் செட்டும் பாஸ்கு நன்மையும்

முப்பத்து நான்கு வயதில் என் மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் ஈறு பழுத்துப் போய்விட்டன. அதற்கு முன்பும் யாரும் என்னை அழகன் என்று சொன்னதில்லை. இருந்தாலும் சூரமங்கலத்தில் ரயில்வே குமாஸ்தாவாக இருப்பவன் பொக்கை வாயோடு எப்படி ஆபீஸ் போவது? காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு, சேலம் கடைவீதியில் பல் கட்டுகிற ஒருவரிடம் மேல் செட்டு கட்டிக்கொண்டேன்.

அந்தச் செட்டு என் வாய்க்கென்று செய்ததா, வேறு யாரோ வேண்டாமென்று விட்டுப்போனதா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. பேசினால் தாளம் போட்டது. தும்மினால் கையால் பிடிக்க வேண்டியிருந்தது. நான் வாயைத் திறந்தாலும் அது கீழ்ப்பல்லோடு உட்கார்ந்து மூடியே இருந்தது. திரும்பப் போய் முறையிட்டேன்.

"நிக்கவே மாட்டேங்குதுங்களே!"

"செட்டுல ஒரு கொறையும் இல்லீங்க. உங்க மேலண்ணந்தான் கொஞ்சம் கோணலு. பழகப் பழகச் சரியாப் போயிருமுங்க."

"நான் பழகோணுமா, அது பழகோணுமா?"

"ரெண்டு பேரும் அனுசரிச்சுத்தானுங்க போகோணும்" என்றார், கல்யாணம் பண்ணி வைத்தவர் மாதிரி.

என் பயமெல்லாம் வரப்போகிற பாஸ்கு ஞாயிறு, அதாவது ஈஸ்டர் பற்றித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நன்மை வாங்குவதென்றால் பீடத்தின் முன்னுள்ள கிராதியருகே முழந்தாளிட்டு நாக்கை நீட்ட வேண்டும்; சாமியார் நற்கருணை அப்பத்தை நாக்கில் வைப்பார். அது ஆண்டவரின் உடல், பல்லில் படக்கூடாது, கையால் தொடவே கூடாது என்று சின்ன வயதிலேயே எங்கள் எலும்பில் ஏற்றியிருந்தார்கள். வாங்கப் போகாமலும் இருக்க முடியாது. திருநாளன்று இடத்தைவிட்டு எழாதவனைக் கோயிலே திரும்பிப் பார்க்கும்: என்ன பாவம் செய்தானோ! அந்த வருஷம் பார்த்து மாமனாரும் மாமியாரும் வேறு வந்திருந்தார்கள். என் பல் போன சங்கதி அவர்களுக்குத் தெரியாது.

"கழட்டி வெச்சுட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"உங்கம்மா முன்னாலயா?"

"அப்ப வேண்டிக்குங்க."

வேண்டிக்கொண்டேன். மற்றவர்கள் மோட்சத்துக்காக வேண்டினார்கள், நான் அண்ணத்துக்காக.

கிராதியில் என் முறை வந்தது. அப்பம் தவறி விழாமலிருக்க, சாமியாருக்கு உதவியாக நின்ற உபதேசியார் என் தாடைக்கடியில் தட்டைப் பிடித்தார். அதில் விழப்போவது என் செட்டுதான் என்று நடுங்கிக்கொண்டே நாக்கை நீட்டினேன். விழவில்லை. பிழைத்தேன் என்று இடத்துக்கு வந்து முழந்தாளிட்டேன்.

அப்போதுதான் அப்பம் செட்டில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் மெல்லத் தள்ளினேன். செட்டு பின்பக்கம் இறங்கியது. அந்த இடுக்கு வழியாக அப்பம் நழுவி மேலே ஏற, செட்டு திரும்பப் போய் மூடிக்கொண்டது. ஒரு நாளும் நிற்காத செட்டு அன்று பசை போட்ட மாதிரி நின்றது.

ஆண்டவரை என் அண்ணத்துக்கும் அந்த அரைகுறை வேலைக்கும் நடுவில் சிறை வைத்துவிட்டேன். விரலை விட முடியாது. வாயை அழுத்தினால் கடித்த கணக்காகிவிடும். எச்சிலை விழுங்கவும் பயம், விழுங்காமலிருக்கவும் பயம். நரகத்தில் எனக்கு எந்தப் பக்கம் இடம் என்பது வரை யோசித்துவிட்டேன். கண்ணில் நீர் முட்டியது.

"மாப்பிள்ளைக்கு எத்தனை பக்தி பாரு" என்று மாமியார் என் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

பூசை முடிந்ததும் மாமனார் என் தோளைத் தட்டினார். "வாங்க மாப்ளே, ஊட்டுல கறியும் இட்லியும் ஆறிப்போகுது."

கறியா! இந்த வாயிலா! வாயைப் பொத்திக்கொண்டு, சாமியார் பூசை உடுப்புகளைக் கழற்றும் அறைக்கு ஓடினேன்.

"என்னப்பா, பல்லு வலியா?" என்றார் அவர்.

உதட்டைப் பிரிக்காமலே முனகினேன். "செட்டுக்கு மேல நன்மை இருக்குதுங்க சாமி."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் கலங்கடித்தது. ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

"கழட்டி இதுல அலசு."

"கை படுமே சாமி?"

"செட்டைத்தானே தொடறே? அலசு."

இழுத்தால் வரவில்லை. இன்னொரு தரம் பலமாக இழுத்ததும் சப்தத்தோடு கையில் வந்தது. அலசினேன். தண்ணீரில் வெள்ளையாகத் துணுக்குகள் மிதந்தன.

"இப்பக் குடி."

"இதையா சாமி?"

"பின்னே, நான் குடிக்கட்டுமா?"

காலையில் செட்டை உப்புப் போட்டுத் தேய்த்திருந்தேன். அந்தக் கரிப்போடு குடித்தேன். மறுபடி ஊற்றி, வாயைக் கொப்பளித்து அதையும் விழுங்கச் சொன்னார். விழுங்கினேன்.

"ஒரு பாவமும் இல்லே. போ."

"அடுத்த ஞாயித்துக்கெழம, சாமி?"

"கழட்டி வெச்சுட்டு வா."

"எல்லாரும் பாப்பாங்களே."

"நாக்கை நீட்டப் பல்லு எதுக்குடா?"

செட்டைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். பசை போய்விட்டதால் அது பழைய குணத்துக்குத் திரும்பி நாக்கில் விழுந்தது. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மாமியார் இன்னும் உருகிக்கொண்டிருந்தார். "அப்படி அழுதீங்களே மாப்ளே, என்ன வேண்டிக்கிட்டீங்க?"

நரகம் தப்பிய சந்தோஷத்தில் வாயை முழுசாகத் திறந்தேன். "ஒண்ணுமில்லீங்க அத்தே. வாங்க, சாப்பிடலாம்."

மாமியாரின் கை தானாகச் சிலுவை போட்டது. மனைவி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு திரும்பி நின்றாள். மாமனார்தான் என் வாயை உற்றுப் பார்த்துவிட்டு மகளிடம் நிதானமாகச் சொன்னார்.

"மாப்பிள்ளைக்குக் கறி வெக்காதே கண்ணு. கொழம்பை மட்டும் ஊத்து."