செவிட்டுப் பள்ளத்தில் மூன்று தட்டு

இது நடந்தது. எனக்கு நடந்தது. படித்துவிட்டு யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நான் பேய்க்குப் பயந்து வளர்ந்தவன் கிடையாது. அப்பா பீட்டர்ஹெட் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கினார். நானும் தூக்கினேன். பதினாறு வயதில் என் இரண்டு கையும் உப்பில் வெடித்துக் கிடந்தன. அந்த மாதிரி வீட்டில் பேய்க் கதை பேச யாருக்கும் தெம்பு இருக்காது. சாப்பிட்டால் தூக்கம், எழுந்தால் வேலை. பிறகு மேற்கு மலைக்கு வந்தேன். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ரோந்து. கோடையில் அதே மலையில் வேலி அடிப்பேன்.

ரோந்து வேலையில் ஒன்றுதான் முக்கியம். மாலையில் சறுக்க வந்தவர்களில் கடைசி ஆளையும் இறக்கிவிட்டு, அவர்களுக்குப் பின்னால் நாங்கள் இறங்குவோம். இறங்கியதும் வயர்லெஸில் ‘இறங்கியாச்சு’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எந்தப் புயலிலும் நம்மைத் தேடி வருவார்கள். சொல்லிவிட்டால் மலையை மூடிவிடுவார்கள். அப்புறம் யாரும் யாரையும் தேட மாட்டார்கள். எங்கள் உயிர் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

பிப்ரவரி மாதம். மத்தியானத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று ஏறிவிட்டது. மலை உச்சி மேகத்துக்குள் போய்விட்டது.

“செவிட்டுப் பள்ளத்த இன்னிக்கு எவன் திறக்கச் சொன்னது?” என்றேன்.

“நான்தான்,” என்றான் லாக்லன். அவன்தான் எங்கள் மேலாளர். “காலைல நீயே தோண்டிப் பாத்துட்டு, பனி கெட்டியா இருக்கு, பெயராதுன்னு சொன்ன.”

“பனி கெட்டிதான். காத்த உங்கப்பன் வந்து பிடிப்பானா?”

“கிழவன் ஆரம்பிச்சிட்டான்,” என்றாள் இஷ்பெல். அவள் என் ஜோடி. என்னைவிட நாலு வயதுதான் சின்னவள். “வாடா டூகி. மிச்ச ஆளுங்களச் சீக்கிரம் கூட்டிப் பெருக்கி இறக்கிட்டு வந்து சூப் குடிக்கலாம்.”

“நீ வச்ச சூப்பா? நான் மேலேயே இருந்துக்கிறேன்.”

சரிவில் ஆட்களை மேலே இழுத்துப்போகும் இழுவைக் கம்பியைக் கடைசியாகப் பிடித்து இருவரும் மேலே போனோம்.

செவிட்டுப் பள்ளம் என்பது இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே விழும் சரிவு. அங்கே நின்று காலில் மாட்டிய சறுக்குப் பலகையைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பினால், மேல் பக்கத்துப் பனி தோளில் உரசும். அவ்வளவு செங்குத்து. உள்ளே கத்தினால் பத்தடி தாண்டிக் கேட்காது. பெயர் அதனால்தான். இடது ஓரம் மரப்பட்டை வேலி. காற்று அடித்துக்கொண்டு போகும் பனியைப் பிடித்து வைக்கப் போட்டது. மேகத்துக்குள் அதுதான் எங்களுக்குக் கைப்பிடி. பாதிச் சரிவில் வேலி முடியும். முடிந்த இடத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும். இடது பக்கம் பாறை விளிம்பு. விளிம்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தான் இறங்குவோம். இரண்டு பேர் பாரம் ஒரே பனியில் விழக் கூடாது. கீழே போய் நின்றவர் சறுக்குக் கோலால் வேலியைத் தட்டுவார். கத்தல் எட்டாத தூரத்துக்கும் தட்டு வேலி வழியே ஏறி வரும். இரண்டு தட்டு என்றால் ‘நிற்கிறேன்’. மூன்று தட்டு என்றால் ‘வா’. கையுறையைக் கழற்றி வயர்லெஸைத் தேடுவதைவிட இது சுலபம். வருஷக்கணக்காக இப்படித்தான்.

இஷ்பெல் முதலில் இறங்கினாள். இரண்டு திருப்பம். அவளுடைய சிவப்புச் சட்டை வெள்ளைக்குள் கரைந்துவிட்டது.

நான் காத்திருந்தேன்.

காற்று ஒருகணம் அடங்கியது. கீழிருந்து சத்தம்.

டக்... டக்... டக்.

வா என்கிறாள். போனேன். இடது கையால் வேலியைத் தடவிக்கொண்டே, பலகையின் இரும்பு விளிம்பைக் குறுக்கே அழுத்தி, வழுக்கி வழுக்கி இறங்கினேன். வேலி முழுக்கப் பனி உறைந்து, ஒவ்வொரு பட்டையும் என் தொடை கனத்துக்கு இருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இப்படி உறைந்த வேலியைத் தட்டினால் ‘தொப்’ என்றுதான் கேட்கும். நான் கேட்டது காய்ந்த கட்டையின் சத்தம்.

வேலி முடிந்தது. இஷ்பெல் அங்கே இல்லை.

அவள் அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்காமல் போகிறவள் இல்லை. பனியில் தடம் தேடினேன். காற்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது.

டக்... டக்... டக்.

கீழே. இடது பக்கம்.

இடது பக்கம் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். அங்கே இருக்கும் எச்சரிக்கைப் பலகையை நட்டவனே நான்தான். ஆனால் ஜோடி அந்தப் பக்கம் தட்டுகிறாள் என்றால் வழுக்கிவிட்டாள் என்று அர்த்தம். ஜோடி தட்டினால் போக வேண்டும். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

வேலியே இல்லாத இடத்தில் அவள் எதைத் தட்டுகிறாள்? அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான்கடி போயிருப்பேன். பலகைக்கு அடியில் பனி போய் வெறும் கண்ணாடி ஐஸ் வந்தது. இரும்பு விளிம்பு கீச்சென்று கத்தியது. சரிந்தேன். எதிலோ மோதி நின்றேன்.

கதவுப் பலகை அகலத்தில் ஒரு பாறைத் திட்டு. என் பலகைகளின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே ஐஸ். ஏற முடியாது. கீழே வெள்ளை. கைக்கோடரியை உருவி ஐஸில் அடித்து, அதன் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். இனி ஆட்கள் கயிறு போட்டால்தான் உண்டு.

“இஷ்பெல்.”

கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

டக்... டக்.

நிற்கிறேன்.

சத்தம் என் முழங்காலுக்கு அருகில் கேட்டது. விளிம்புக்கு வெளியே. காற்றில்.

அங்கே தரை இல்லை. கட்டை இல்லை. ஒன்றுமே இல்லை.

டக்... டக்... டக்.

வா.

பல்லால் கையுறையைக் கடித்து இழுத்தேன். வயர்லெஸை அழுத்தினேன். “லாக்லன், டூகி பேசறேன். பள்ளத்துல மாட்டிக்கிட்டேன். இடது பாறை. கயிறு வேணும்.”

கரகரப்பு. அப்புறம் ஒரு குரல் வந்தது.

“லாக்லன், டூகி பேசறேன். நாங்க ரெண்டு பேரும் இறங்கியாச்சு. பள்ளம் காலி. மலைய மூடிக்கோ.”

அது என் குரல்.

“நல்லது. சூப் சூடா இருக்கு, வா,” என்றான் லாக்லன்.

அழுத்தினேன். கத்தினேன். கெட்ட வார்த்தையில் கத்தினேன். என் கையில் இருந்த கருவியில் விளக்கு எரிந்தது. பச்சை விளக்கு. பேசினால் போய்ச் சேரும் என்ற விளக்கு. ஆனால் யாரும் கேட்கவில்லை.

பிறகு இழுவைக் கம்பியின் இயந்திரம் நின்றது. நாள் முழுக்க அது ஓடிக்கொண்டே இருந்ததால் எனக்குக் கேட்டதே இல்லை. நின்றதுதான் கேட்டது.

மணி நான்கு பத்து. வெள்ளை சாம்பலானது. சாம்பல் நீலமானது.

இனி யாரும் வரமாட்டார்கள்.

டக்... டக்... டக்.

கோடரியின் வாரை மணிக்கட்டில் இன்னொரு சுற்று சுற்றினேன்.

டக்... டக்... டக்.

பொறுமையாகத் தட்டியது. அவசரமே இல்லை அதற்கு.

விரல்கள் மரத்துப்போயின. ஒரு கட்டத்தில்... போய்விடலாம் என்று தோன்றியது. ஓரடி. அவ்வளவுதானே...

டக்.

டக்.

மூன்றாவது தட்டு என் பலகையின் முனையில் விழுந்தது. அதிர்வு காலில் ஏறியது.

கண்ணை மூடிக்கொண்டேன்.

மேலே வெளிச்சம்.

“டூகி.”

இஷ்பெலின் குரல். நான் வாயைத் திறக்கவில்லை.

“டூகி, இருக்கியா, செத்துட்டியா?”

திறக்கவில்லை.

“ஏண்டா நாயே, இந்தக் குளிர்ல கயித்தப் பிடிச்சிட்டு நிக்கிறேன், வாயில என்ன கொழுக்கட்டையா?”

அப்போதுதான் பதில் சொன்னேன். கயிறு வந்தது. என் முகத்தில் இடித்தது. நிஜக் கயிறு. இடுப்பில் கட்டிக்கொண்டேன். மேலே நின்ற பனி வண்டி என்னை இழுத்து ஏற்றும்வரை கீழே ஒரு சத்தமும் இல்லை.

பனி வண்டியில் இறங்கும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

“நான் வேலி முடியிற எடத்துல நின்னு ரெண்டு தட்டு தட்டினேன். உடனே நீ வந்துட்ட. என் பக்கத்துல நிக்காம, கோலத் தூக்கிக் காட்டிட்டு வலது பக்கமா எறங்கிப் போயிட்ட. கீழ வச்சுத் திட்டிக்கலாம்னு பின்னாலயே வந்தேன்.”

“நான் வரல.”

“தெரியுது. கீழ ரோந்து அறைக்குள்ள வந்து எனக்கு எதிர்ல உக்காந்த. சூப் குடுத்தேன். நல்லா இருக்குன்ன. நாளைக்கு அந்த வேலிய நீதான் சரிபண்ணணும்னு லாக்லன் சொன்னான். சரிங்கன்ன.”

“சரிங்கன்னேனா?”

“அப்பதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. பதினோரு வருஷத்துல நீ அவன ஒரு தடவகூடத் திட்டாம விட்டதில்ல. உன் புருவத்தப் பாத்தேன். பனி ஒட்டியிருந்துச்சு. அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்திருக்க... கரையல.”

கையால் என் புருவத்தைத் தடவிப் பார்த்தேன்.

“மேல போய்ப் பாத்துட்டு வரேன்னு எந்திரிச்சேன். ‘எதுக்கு? எல்லாரும் இறங்கியாச்சே’ன்ன. ரொம்ப அன்பாச் சொன்ன.”

நாங்கள் ரோந்து அறைக்குள் நுழைந்தபோது லாக்லன் தனியாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். ஈரத் துணி காயப்போடும் அறையைப் பார்த்தான். “இப்பதான் பூட்ஸ் கழட்டணும்னு உள்ள போன,” என்றான். அந்த அறைக்கு ஒரே கதவு. திறந்தோம். யாரும் இல்லை. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் ‘இறங்கியாச்சு’ என்று மட்டும் சொன்னால் லாக்லன் மலையை மூட மாட்டான். முதலில் அவனைத் திட்ட வேண்டும். காது கூசும்படி திட்ட வேண்டும். அப்போதுதான் பேசுவது நான்தான் என்று நம்புவான். இரண்டு குளிர்காலம் இப்படித்தான் போனது. நிம்மதியாகத்தான் இருந்தேன்.

போன மாதம் பல் பிடுங்க இன்வர்னஸ் டவுனுக்குப் போனேன். அன்று நான் மலையிலேயே இல்லை; இஷ்பெலிடம் மட்டும்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். மறுநாள் வேலைக்குப் போனபோது லாக்லன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என்னய்யா?” என்றேன்.

“நேத்து சாயங்காலம் நீ வயர்லெஸ்ல வந்த. இறங்கியாச்சுன்ன.”

“நீதான் நம்ப மாட்டியே.”

“நம்பினேன், டூகி,” என்றான். “அசிங்கமாத் திட்டின.”