சகாயநாதன் அழித்த பென்சில் கோடு

ஒரு விதிநூல் வாய் திறக்காத இடத்தில், அதைப் படிப்பவன் என்ன செய்ய வேண்டும்? சகாயநாதனின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டது போலிருக்கிறது. அவர் சொன்ன பதில் தவறு. அது பெரிய குற்றமில்லை. தவறு என்று மனசுக்குப் பட்ட பிறகும் மாற்றிச் சொல்ல ஏழு வருடம் எடுத்துக்கொண்டார்.

அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். பதிவேட்டில் இல்லாதது நடக்கவே இல்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் அந்த வீட்டில் ஜெபம் மாதிரி. சகாயநாதன் எலெக்ட்ரானிக்ஸ் படித்து லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தபோது, இரண்டையும் கூடவே கொண்டுபோனார்.

தொலைதூரத் தொலைபேசிக் கம்பியில் குரல் போகப் போக மங்கி உருக்குலையும். அனுப்பும் முனையில் ஒரு திருத்தம், வாங்கும் முனையில் ஒரு திருத்தம் செய்தால்தான் காதுக்குத் தெளிவாகக் கேட்கும். வாங்கும் முனைக்கான பெட்டியை அந்தத் தொழிற்சாலை செய்தது. செய்வதற்கு முன், குரல் எப்படி வந்து சேரும் என்று கம்ப்யூட்டரில் கணக்காக ஓட்டிப் பார்ப்பார்கள். எந்தக் கணக்குக்குப் பின் எது என்ற வரிசையைப் பிரான்சிலிருந்து வந்த தடித்த விதிநூல் ஒன்று கட்டங்களும் அம்புகளுமாகப் போட்டிருந்தது. அங்கே பிரெஞ்சு தெரிந்தவர் சகாயநாதன் ஒருவர்தான். மேலாளர் பலராமன் உட்பட எல்லோரும் அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, "முசியே" என்று கூப்பிட்டதில் பாதி மரியாதை, பாதி கேலி.

1979-இல் ஒரு புதிய தொலைபேசித் தடத்துக்கான வேலை வந்தது. அந்தத் தடத்தில் அனுப்பும் முனையில் திருத்தமே கிடையாது. படத்தில் மூன்றாவது கட்டம் அனுப்புபவரின் திருத்தம், நான்காவது வாங்குபவரின் திருத்தம். மூன்றாவது இல்லையென்றால் என்ன செய்வது என்று நூலில் ஒரு வரிகூட இல்லை.

கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைகளில் துளையிட்டுக் கணக்கை ஓட்டியவள் கமலா. மில் தொழிலாளி கண்ணையனின் மகள், கணிதப் பட்டதாரி, தற்காலிக வேலை. அவள் மூன்றாவது கட்டத்தைச் சுற்றிக்கொண்டு பென்சிலால் ஒரு புள்ளிக்கோடு போட்டுக் காட்டினாள்.

"சார், இல்லாதத தாண்டிப் போய்டலாம். வர்ற குரல அப்படியே நாலுக்குக் குடுத்துடலாம்."

"அப்படி ஒரு அம்பு இருக்காம்மா படத்துல?"

"இல்ல சார். ஆனா கம்பியில இருக்கே."

"கம்பியப் பாத்து நூல் எழுதலாம். நூல் எழுதினப்புறம் நூலத்தான் பாக்கணும். பின்னிணைப்புல பொதுவா ஒரு திருத்தம் குடுத்திருக்கான். அத மூணுல போடு."

"இல்லாதவனுக்குச் சோறு போட்டுட்டு, சாப்ட்டுட்டான்னு எழுதிக்கிற மாதிரி இருக்கு சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விதிநூலில் கிறுக்கக் கூடாது என்று ரப்பரால் கோட்டை அழித்தார். கமலா அவர் சொன்னபடியே அட்டைகளைத் துளைத்தாள்.

கணக்கு அழகாக வந்தது. பாதித் திருத்தம் முன்பே நடந்துவிட்டதாகக் கணக்கு நம்பியதால், பெட்டிக்கு மிச்சப் பாதியைத்தான் வைத்தார்கள். இருநூறு பெட்டிகள் போய், இருநூறும் திரும்பின. எல்லாவற்றிலும் குரல், போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது.

பலராமன் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"முசியே, கணக்கு நூல்படிதானே?"

"நூல்படிதான்."

"அட்டை யார் போட்டது?"

சகாயநாதன் மேசையைப் பார்த்தார். கமலா அவரைப் பார்த்தாள். அவள் தரப்புக்கு ஒரு பென்சில் கோடுதான் சாட்சி. அதுவும் அழிந்துவிட்டது.

"கமலாதான்."

கேட்ட இரண்டு கேள்விக்கும் உண்மையான பதில். யார் சொல்லி அப்படிப் போட்டாள் என்ற மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அட்டையில் பிழை என்று முடிவாயிற்று. அந்த மாதக் கடைசியோடு கமலாவின் வேலை போயிற்று. போகும்போது அவள் அவரிடம், "வரேன் சார்" என்று வழக்கம் போலத்தான் சொன்னாள்.

பிறகு பலமுறை அந்தப் பக்கத்தைத் திருப்பினார். சாய்த்துப் பிடித்தால், பென்சில் அழுந்திய தடம் தெரியும். தெரிகிறது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

1986-இல் விதிநூலின் திருத்திய பதிப்பு வந்தது. மூன்றாவது கட்டத்தைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு அச்சாகியிருந்தது. அனுப்பும் முனையில் திருத்தம் இல்லாதபோது, வரும் குரலை அப்படியே நான்காவதுக்குத் தர வேண்டும் என்று கீழே குறிப்பு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நூலைப் பையில் போட்டுக்கொண்டு பிள்ளைச்சாவடிக்குப் பஸ் ஏறினார். அங்கே கல்யாணமாகிப் போன கமலா கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"கோடு இப்பதான் மொளச்சுதா சார்?"

"நாளைக்கே பலராமன்கிட்ட சொல்லிடறேம்மா. திரும்ப வேலைக்கு..."

"நூல்ல வந்துடுச்சு, சொல்றீங்க. வராமப் போயிருந்தா?"

அவர் நூலை மூடிப் பையில் வைத்தார். "காப்பி சாப்பிடுங்க," என்று அவள் உள்ளே போனாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் பலராமனிடம் எல்லாவற்றையும் சொன்னார். பலராமன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அடப் போங்க முசியே! ஏழு வருஷக் கதை. அந்தப் பொண்ணே மறந்திருக்கும். புதுசா கம்ப்யூட்டர் பிரிவு வருது, நீங்கதான் தலைமை. இந்த நூல வேற யார் படிப்பா?"

சகாயநாதனை இதற்காகப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நாள் கழிந்த பிறகு சொன்னவர் அவர். அடுத்து அவர் செய்ததை மட்டும் எழுதி வைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து இடமாற்ற விண்ணப்பம் ஒன்று கொடுத்தார். ஸ்டோர் ரூமில் திருகாணியும் கம்பிச் சுருளும் எண்ணிக் கொடுக்கும் வேலைக்கு. சம்பளம் குறையும் என்றார்கள், தலையாட்டினார். மனைவி பெர்னதெத் கேட்டுப் பார்த்தாள், பலராமன் திட்டிப் பார்த்தார். விண்ணப்பத்தில் பெயர், பதவி, சேர்ந்த தேதி எல்லாம் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன. காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.